வேலூர் வெயிலுக்கும் கரன்டுக்கும் ஏற்றபடி ஜிம் கார்டியோ மெஷின்களைப் பொருத்துவது எப்படி

ஓடும் டிரெட்மில்லில் ஒருவர் தடுமாறி விழுந்தால், அவருக்கு எவ்வளவு அடிபடும் என்பதைப் பின்னால் இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பின்னால் இரண்டு மீட்டர் காலியாக இருந்தால் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு எழுந்துவிடுவார். சுவர் இருந்தால் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். பெல்ட் நிற்கும்வரை அது தோலை உரித்துக்கொண்டே இருக்கும். இதைப் பயிற்சியாளர் ஓடிவந்து தடுக்க முடியாது. மெஷினை இறக்கிய நாளில் அளவு நாடா வைத்துத்தான் தடுத்திருக்க வேண்டும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஜிம்கள் பலவும் கடைகளுக்கு மேலே முதல் மாடியிலோ மொட்டைமாடி ஷீட் கொட்டகையிலோ நடக்கின்றன. தளத்தின் பலம், கரன்ட் லைன், எர்த், வெயில் ஆகிய நான்கையும் மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெஷின் வந்து நின்ற பிறகு சுவரை இடிக்கவும் முடியாது, வயரை மாற்றவும் மனம் வராது.

வாங்கும்போது மெஷினின் தகவல் தகட்டைப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. 20957 தரப்படி செய்த மெஷினில் 'எஸ்' வகுப்பு என்று இருந்தால் பயிற்சிக்கூடத்துக்கு, 'எச்' என்று இருந்தால் வீட்டுக்கு. வீட்டு மெஷினில் 'பீக்' குதிரைத்திறனைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தரும் குதிரைத்திறனை. பழைய மெஷின் வாங்குவதென்றால் வோல்டேஜையும் அதே தகட்டில் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து இறங்கிய சில மெஷின்கள் 110 வோல்ட்டுக்கானவை. நம் பிளக்கில் நேராகச் செருகினால் கன்ட்ரோல் போர்டு அந்த நிமிடமே போய்விடும்.

இடமும் தளமும்

டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர், இரண்டு பக்கமும் அரை மீட்டர் காலியிடம் வேண்டும். கமர்ஷியல் டிரெட்மில் ஏறக்குறைய 2.1 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முன்னால் பிளக்குக்கும் துடைப்பதற்கும் 30 சென்டிமீட்டர் விட்டால், சுவரிலிருந்து மொத்தம் 4.4 மீட்டர் போய்விடும். 20 அடிக்கு 30 அடி ஹாலில் நீளச் சுவரை ஒட்டி ஒரு வரிசை போட்டால் ஆறு மெஷின் நிற்கும். ஏழாவதை நுழைத்தால் பக்க இடைவெளி ஏறக்குறைய ஒரு அடியாகச் சுருங்கும். தடுமாறுகிறவர் பக்கத்து மெஷினின் ஓடும் பெல்ட்டில் கால் வைப்பார். ஆறோடு நிறுத்துங்கள். மீதியிடத்தில் சைக்கிள் போடலாம். சைக்கிள், எலிப்டிகல் (நின்றபடி பெடலை மிதித்துக் கைகளையும் ஆட்டும் மெஷின்) போன்றவற்றுக்கு ஆள் ஏறி இறங்கும் பக்கத்தில் 60 சென்டிமீட்டர் போதும்.

அந்த இரண்டு மீட்டரில் பெஞ்சு, டம்பெல், தண்ணீர்க் கேன், செருப்பு ஸ்டாண்டு எதுவும் கூடாது. எதையும் வைக்க விடாமல் இருக்க ஒரே வழி, தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போடுவதுதான். டிரெட்மில்லின் பின்பக்கம் கண்ணாடிச் சுவரையோ மாடிப்படியையோ பார்த்து நிற்கக் கூடாது.

கூரை உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள். ஆள் 180 சென்டிமீட்டர், ஓடும் பலகையின் உயரம் 25, துள்ளுவதற்கும் தலைக்கு மேலும் 40. மொத்தம் 245, அதாவது எட்டு அடி. 15 சதவீத ஏற்றத்தில் முன்பக்கம் இன்னும் 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கும். ஒன்பது அடிக்குக் குறைந்த கூரை என்றால் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே டிரெட்மில்லோ எலிப்டிகலோ போடவே வேண்டாம். சுவர் ஃபேன் மாட்டிக்கொள்ளுங்கள்.

மாடித் தளத்தின் விஷயத்தில் பயமும் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. மெஷின் 180 கிலோ, மேலே ஓடுகிறவர் 90 கிலோ, ஆக 270. அதை மெஷின் அடைக்கும் 1.9 சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவார்கள். உடற்பயிற்சிக்கூடத்துக்கு இந்தியத் தரம் கேட்பது சுமார் 500 கிலோ. நின்ற எடை தாங்கிவிடும் போலத் தெரிந்தாலும், ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தோடு இறங்குகிறது. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஓடினால் கீழே இருக்கும் கடைக்காரர் சண்டைக்கு வருவார். வீடாகக் கட்டிய கட்டடத்தை ஜிம்மாக மாற்றுகிறீர்கள் என்றால் பொறியாளரை அழைத்துப் பீம் எங்கே ஓடுகிறது என்று குறித்து வாங்குங்கள். பீம், தூணுக்குப் பக்கத்தில் டிரெட்மில் நிற்கட்டும். ஸ்லாபின் நட்டநடுவிலும், வெளியே நீட்டிய பால்கனித் தளத்திலும் வேண்டாம். அடியில் 8 முதல் 10 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் மேட் போடுங்கள். கார்பெட்டின் நூலும் தூசியும் மோட்டாருக்குள் போகும், அதனால் அது கூடாது.

கரன்ட்

இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. ஒரு டிரெட்மில்லுக்கு ஒரு தனி லைன். போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட். நியூட்ரலும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக வர வேண்டும். எலக்ட்ரீஷியன் ஃபேஸை மட்டும் தனித்தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை ஒரே வயரில் கோத்துக் கொடுப்பார். அந்த ஒரு வயர் சூடாகி இளகும், எம்.சி.பி.க்கு அது தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. மெஷின் அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி, கை வைக்க முடியாமல் சுட்டால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு வைத்து மெஷின்களை மூன்றிலும் சமமாகப் பிரித்துப் போடுங்கள். மூன்று ஃபேஸில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. கம்பத்திலோ உங்கள் போர்டிலோ நியூட்ரல் விட்டுப்போனால், சில மெஷின்களுக்கு 230க்குப் பதில் 350, 400 வோல்ட் வரை போகும். ஒரே நொடியில் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டுகள் வரிசையாக எரியும். மீட்டருக்கு அடுத்தபடியாக, வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒரு கன்ட்ரோல் போர்டின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

வோல்டேஜை ஒருமுறை பார்த்து முடித்துவிடாதீர்கள். காலை 5 மணிக்கு ஊர் தூங்கும்போது ஏறியிருக்கும். இரவு 7 மணிக்கு எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது இறங்கியிருக்கும். உங்கள் மெஷின்களில் ஆள் ஓடும்போதே இரண்டு நேரமும் மல்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான மெஷின்கள் பத்து சதவீதம் வரை பொறுக்கும், அதாவது 207 முதல் 253 வரை. அதைத் தாண்டினால் சர்வோ ஸ்டெபிலைசர் வையுங்கள். டக் டக்கென்று ரிலே மாற்றும் சாதா ஸ்டெபிலைசர், மாறும் அந்தக் கணத்தில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைக் குழப்பி எர்ரர் காட்ட வைக்கும்.

எர்த் விஷயத்தில் வேலூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஊரைச் சுற்றி மலை. அடிவாரங்களில் சில அடி தோண்டினாலே பாறை தட்டும், கோடையில் மேல்மண் காய்ந்து எர்த் பிடிக்காது. இரண்டு குழி எடுத்து இணைத்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் கலவை போட்டு நிரப்பி, கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றிவர ஏற்பாடு செய்யுங்கள். எர்த் டெஸ்டர் காட்டும் அளவு 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து திருப்திப்பட்டுவிட வேண்டாம், மே மாதத்தில் அளந்து பாருங்கள். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் சரிபார்க்க வேண்டும்.

கைப்பிடியைத் தொடும்போது ஒரே ஒருமுறை சுரீரென்று அடித்து நின்றுவிட்டால் அது பெல்ட் உரசலில் சேர்ந்த நிலைமின்சாரம். தொட்டுக்கொண்டிருக்கும் வரை விர்ரென்று இருந்தால் அது கசிவு. உடனே பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். மோட்டார் டிரைவ்களில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு இருக்கும் என்பதால், ஆறு மெஷினுக்கு ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் எல்லாக் கசிவும் கூடி அடிக்கடி விழும். அப்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைக்கிறார்கள். அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள். மெஷினுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டால் தொல்லை தீரும்.

கரன்ட் போகும் நேரத்தையும் யோசியுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் முன்பே தெரிந்துவிடும், அன்று டிரெட்மில் வகுப்பு வைக்காதீர்கள். சொல்லாமல் போகும்போது, ஏற்றத்தில் நிற்கும் டிரெட்மில்லில் மோட்டாரின் பிடி விட்டு, ஆளின் எடையிலேயே பெல்ட் பின்னோக்கி வழுக்கலாம். விளக்கு அணைந்தால் கைப்பிடியைப் பிடித்து, பெல்ட்டின் இருபுறமும் நகராமல் இருக்கும் பக்கத் தட்டில் கால் வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். ஜெனரேட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடட்டும். இன்வெர்ட்டரில் டிரெட்மில்லை இணைக்கவே கூடாது.

இறக்குவதும் பூட்டுவதும்

முன் தூண்களையும், பட்டனும் திரையும் இருக்கும் கன்சோலையும் தனியாக ஏற்றுங்கள். அடிப்பகுதியைத் தூக்க நான்கு பேராவது வேண்டும். படிக்கட்டு திரும்பும் இடத்தை முன்பே அளந்து, போகாது என்றால் செயின் பிளாக் கட்டி வெளியே இருந்து ஏற்றுங்கள். மெஷினைத் தூக்கும்போது மோட்டார் மூடியைப் பிடிக்கக் கூடாது, அது வெறும் பிளாஸ்டிக்.

தூணுக்குள் போகும் வயர்க் கற்றைதான் பூட்டும்போது அதிகம் நசுங்குவது. தூணை இறக்கும்போது ஒருவர் வயரை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாப் போல்ட்டையும் கையால் பாதி வரை ஏற்றிய பிறகுதான் ஆலன் கீயால் இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளை பொருந்தாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை போய்விடும். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பிறகு மட்டம் பார்ப்பது. ஸ்பிரிட் லெவலைப் பலகையின் மேல் குறுக்கே வைத்து, பின்கால்களின் திருகைத் திருப்பிச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள். நான்கு காலும் தரையில் அழுந்த வேண்டும். ஒரு கால் தூக்கினால் அட்டையை மடித்து வைப்பது பழக்கம், அதிர்வில் அது நகர்ந்துவிடும். மட்டம் சரியில்லாத மெஷினில் பெல்ட்டை எத்தனை முறை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் ஒரு பக்கமாகவே ஓடும்.

பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவருவது

பின் ரோலரின் இரண்டு முனையிலும் ஒரு போல்ட் இருக்கும். ஆள் ஏறாமல் மெஷினை 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். கையையும் துணியையும் ரோலரிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். பெல்ட் வலப்பக்கம் போனால் வலப்பக்கப் போல்ட்டைக் கடிகார முள் திசையில் கால் சுற்று (நான்கில் ஒரு பங்கு) திருப்புங்கள். இடப்பக்கம் போனால் இடப்பக்கப் போல்ட்டை அதே போல. திருப்பிய பிறகு இரண்டு நிமிடம் காத்திருங்கள், பெல்ட் மெல்லத்தான் நகரும். பொறுமையில்லாமல் அரை, முக்கால் என்று திருப்பினால் மறுபக்கம் ஓடி ஓரம் பிய்ந்துவிடும்.

இறுக்கத்தைக் கையால் பார்க்கலாம். மெஷினை நிறுத்தி, பிளக்கை எடுத்துவிட்டு, பலகையின் நடுப்பகுதியில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்குங்கள். 5 முதல் 7 சென்டிமீட்டர் எழும்பினால் சரி. கால் வைக்கும்போது ஒரு கணம் வழுக்கி நின்று ஓடினால் தளர்வு. இரண்டு போல்ட்டையும் ஒரே அளவாகக் கால் சுற்று இறுக்குங்கள். தேவைக்கு மேல் இறுக்கினால் ரோலர் பேரிங் சத்தம் போட ஆரம்பிக்கும், மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கல் நிற்கவில்லை என்றால் பழுது பெல்ட்டில் இல்லை, உள்ளே மோட்டார் பெல்ட் தேய்ந்திருக்கும்.

கன்சோல் காட்டும் வேகம் உண்மையா என்று பார்க்க ஒரு சுலப வழி. பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளந்துகொண்டு, ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நீளம் மீட்டரில் பெருக்கல் எண்ணிக்கை பெருக்கல் 0.06 என்பது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். 3.4 மீட்டர் பெல்ட் என்றால் 29 முறைக்குச் சற்று மேல் வர வேண்டும்.

எண்ணெய் போடும் முன் கையேட்டைப் பாருங்கள். பல கமர்ஷியல் மெஷின்களில் பலகையில் மெழுகு பூசியே வரும், அதில் சிலிகான் ஊற்றினால் கெடும். சிலிகான் கேட்கும் மெஷினுக்குச் சுத்தமான சிலிகான் மட்டும், கையேடு சொல்லும் அளவு மட்டும். தேங்காய் எண்ணெய், பைக் செயின் ஸ்பிரே, துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். பெல்ட்டின் அடித்துணி ஊறி உப்பிவிடும்.

புது மெஷினில் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். 80 கிலோ ஆள் 5 கிலோமீட்டரில் நடக்கும்போது கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, மெஷினின் அடியில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். வேகமாக ஓடுவதைவிட, எடை கூடியவர் மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்குச் சிரமம். பெல்ட் ஒவ்வொரு அடியிலும் பலகையோடு அழுந்தி உரசும். அதனால்தான் நடை வேகத்தில் அளக்கச் சொல்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஆளை அதே வேகத்தில் நடக்கவிட்டு அளந்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டால் பெல்ட்டோ பலகையோ தேய்ந்துவிட்டது. இனியும் ஓட்டினால் அடுத்து போவது கன்ட்ரோல் போர்டு.

நிறுத்தும் சாவி

சிவப்புக் கயிறும் கிளிப்பும் வைத்த அந்தச் சாவி பெரும்பாலான ஜிம்களில் கன்சோலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கிளிப் கைப்பிடியில் தொங்கும். அப்படி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். கிளிப் ஓடுகிறவரின் இடுப்புத் துணியில் மாட்டியிருக்க வேண்டும். கயிற்றின் நீளத்தையும் சோதியுங்கள். மெஷினை நிறுத்தி வைத்து, கிளிப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்து பாருங்கள். பெல்ட்டின் கடைசி விளிம்புக்குக் கால் போகும் முன்பே சாவி பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். கயிறு அறுந்ததும் கிடைத்த நீளத்தில் வேறொன்றைக் கட்டிவைப்பதால் பல இடங்களில் சாவி வருவதில்லை.

தினமும் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு மெஷினையும் 3 கிலோமீட்டரில் ஓட்டிச் சாவியைப் பிடுங்குங்கள். பெல்ட் நிற்க வேண்டும், சாவியைத் திரும்ப வைத்தாலும் தானாக ஓடக் கூடாது. சிவப்புப் பட்டன் உள்ள மெஷினில் அதையும் அழுத்திப் பாருங்கள். ஆறு மெஷினுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. இரவு பூட்டும்போது சாவிகளை எடுத்து மேசை டிராயரில் வையுங்கள். பெற்றோரோடு வரும் குழந்தைகள் பின்பக்க ரோலரில் கை வைப்பது அடிக்கடி நடக்கிறது. பெல்ட் உரசிய காயம் தீக்காயத்துக்குச் சமம், சின்ன விரல்களில் அது ஆழமாக இறங்கும். அந்தப் பகுதிக்குள் குழந்தைகளை விடவே கூடாது என்பதை வாசலிலேயே எழுதிவையுங்கள்.

மற்ற மெஷின்கள்

ஸ்பின் பைக்கின் கனச் சக்கரம் 18, 20 கிலோ எடை இருக்கும். காலை நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது, பெடல் காலை இழுத்துக்கொண்டே சுற்றும். முதல் நாள் ஏறுகிறவர் இது தெரியாமல் காலை எடுக்கப் பார்ப்பார், பெடல் சுற்றிவந்து கெண்டைக்காலில் அடிக்கும். அதனால் எடையைக் கூட்டும் குமிழைக் கீழே அழுத்தினால் பிரேக் பிடிக்கும் என்பதைப் பெடலில் கால் வைக்கும் முன்பே செய்து பார்க்க வையுங்கள். பெடல் பொருத்தும்போது இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். வலது பெடல் போலத் திருப்பி ஏற்றினால் கிராங்கின் மரை போகும், பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

சீட்டின் உயரம், பக்கத்தில் நின்றால் இடுப்பு எலும்பு அளவுக்கு வர வேண்டும். உட்கார்ந்து பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். சீட் தண்டில் போட்டிருக்கும் கடைசிக் கோட்டுக்கு மேல் தூக்காதீர்கள்.

எலிப்டிகலில் தாழ்ந்த பெடலில்தான் முதல் காலை வைக்க வேண்டும், நகராத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஆடும் கைகள் பின்னால் வந்து பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் படும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். துடுப்பு வலிப்பது போல் இழுக்கும் ரோயிங் மெஷினில் சீட் ஓடும் தண்டவாளத்தைத் தினமும் துடைத்தால் போதும், வறண்ட துணியில் கறுப்பு வராத வரைக்கும். செயினுக்கு ஏறக்குறைய ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சில சொட்டு லேசான மிஷின் எண்ணெய்.

எந்த மெஷினானாலும் துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி, லுங்கியோடு ஏற விடாதீர்கள். பின் குத்தி இறுக்கியிருக்கிறேன் என்பார்கள், அரை மணி நேரத்தில் பின் தளரும். மாற்றுடை இல்லாமல் வந்தவரை அன்று தரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். தாலிச்சரடும் நீளச் செயினும் பனியனுக்குள் போகட்டும், ரோயிங் மெஷினின் கைப்பிடி நெஞ்சுக்கு வரும்போது அதில் மாட்டும். செருப்பு, வெறுங்கால், அவிழ்ந்த ஷூ லேஸ் மூன்றும் கூடாது.

ஏறி நடப்பது

பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு ஸ்டார்ட் அழுத்துவதுதான் புதியவர்கள் செய்வது. இரண்டு பக்கத் தட்டுகளிலும் காலை அகட்டி நின்று, கிளிப்பை மாட்டி, குறைந்த வேகத்தில் ஸ்டார்ட் கொடுத்து, பெல்ட் ஓடுவதைப் பார்த்த பிறகு ஏற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் 3, 4 கிலோமீட்டர். பிறகு கூட்டலாம். இறங்குவதும் அப்படியே, ஐந்து நிமிடம் குறைத்துக்கொண்டே வந்து, பெல்ட் முழுக்க நின்ற பிறகு. திடீரென்று நிறுத்தி இறங்கினால் இரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். ஓடும் பெல்ட்டில் திரும்பிப் பார்ப்பது, போன் எடுப்பது, கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிவது எல்லாமே ஆளைக் கீழே தள்ளும்.

கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு 12 சதவீத ஏற்றத்தில் நடப்பவர்களைப் பார்க்கலாம். உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிவிடுவதால் கன்சோல் காட்டும் கலோரி பொய். ஏற்றத்தைப் பாதியாக்கிக் கையை விடச் சொல்லுங்கள்.

இதயத் துடிப்புக்கு 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்பது 220 கழித்தல் வயது என்பதைவிட நடுத்தர வயதினருக்குப் பொருந்தும் கணக்கு. 50 வயதுக்காரருக்கு உச்சம் 173, மிதமான பயிற்சிக்கு 112 முதல் 130 வரை. கைப்பிடியில் இருக்கும் சென்சார் வியர்வையில் தவறாகக் காட்டும், நெஞ்சுப் பட்டை நம்பகமானது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்குத் துடிப்பே ஏறாது. அவர்களுக்கு எண்ணைப் பார்க்காமல் பேச்சைப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) பரிசோதனையில் தேறிவிட்டேன், ஓடலாம்தானே என்று கேட்டு வருகிறவர்கள் வேலூரில் நிறைய. அந்தப் பரிசோதனையின் வழக்கமான முறையில் முதல் மூன்று நிமிடம் 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 சதவீத ஏற்றமும், பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். நெஞ்சில் ஈ.சி.ஜி. வயரும் பக்கத்தில் மருத்துவரும் இருக்கும்போது செய்தது அது. ஜிம்மில் எத்தனை துடிப்பு வரை போகலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது, ஷூ கழற்றியதும் பாதத்தைப் பார்க்கப் பழக்குங்கள்.

நெஞ்சழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது எது வந்தாலும் சாவியைப் பிடுங்கி உட்கார வைத்து 108ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறதென்று பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். நினைவில்லாமல் மூச்சும் இல்லாமல் இருந்தால் கெட்டித் தரையில் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் இதைக் கற்ற ஒருவராவது இருக்க வேண்டும்.

கோடையும் தூசியும்

பெரும்பாலான கையேடுகள் 40 டிகிரி வரைதான் மெஷினை ஓட்டலாம் என்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் வெளியிலேயே அதைத் தாண்டும், ஷீட் கொட்டகைக்குள் இன்னும் கூடும். அக்னி நட்சத்திரக் காலத்தில் பகல் 11 முதல் 4 வரை டிரெட்மில்களை மூடி வைப்பது மெஷினுக்கும் ஆளுக்கும் நல்லது. ஷீட் கூரையில் வெள்ளைப் பூச்சு, எதிரெதிர்ச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இரண்டும் போடுங்கள். ஓடுகிறவர் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். பாட்டிலை அதற்குரிய இடத்தில் மூடி வையுங்கள், கன்சோலில் சிந்திய தண்ணீர் நேராகப் போர்டுக்குப் போகும்.

சாலையோர ஜிம்மில் ஜன்னல் திறந்திருந்தால் மோட்டார் மூடிக்குள் தூசி பஞ்சு போல் சேரும். மாதம் ஒருமுறை என்று கையேடு சொன்னாலும் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேக்யூம் வைத்து எடுங்கள். ஊதினால் தூசி டிரைவுக்குள் போகும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், டிரைவிலிருக்கும் கெபாசிட்டர்களில் கரன்ட் தேங்கி நிற்கும். துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், மெஷினின் மேல் தெளிக்காதீர்கள்.

ஒரு மெஷின் பழுதானால் 'ரிப்பேர்' என்று காகிதம் ஒட்டுவதோடு நிற்கக் கூடாது, காகிதம் காற்றில் பறந்த பிறகு யாராவது ஏறிவிடுவார். எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைப் பிடுங்கிக் கன்சோலின் மேல் சுற்றி வைத்து, சாவியை டிராயரில் போடுங்கள். பழுது பார்த்தவர் போன பிறகு, காலையில் செய்யும் சாவிச் சோதனையைச் செய்து, ஆள் ஏற்றிப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, ஆம்பியரையும் பார்த்த பின்பே மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.